கால்களை மடக்கிக்கொண்ட டாரன்டுலாவுக்கு முதலில் தண்ணீர்

தக்கலை நண்பருக்கு வணக்கம். நீங்கள் வளர்க்கும் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தி இரண்டு நாளாக எட்டுக் கால்களையும் உடலுக்கடியில் மடக்கி அசையாமல் இருப்பதாகவும், தோல் உரிக்கப்போகிறதோ என்று காத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். காத்திருக்க வேண்டாம். தோல் உரிக்கும் சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து படுக்கும். அதன் கால்கள் நீள்வது உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான் என்பதால், உடலில் நீர் வற்றும்போது மடக்கும் தசைகள் மட்டுமே வேலைசெய்து கால்கள் சுருண்டுவிடுகின்றன. பின்வயிறு உலர்திராட்சைபோல் சுருங்கியிருந்தால், நீர் வற்றியிருக்கிறது என்ற என் ஐயம் உறுதிப்படும்.

ஆழமில்லாத மூடியில் சிறிது தண்ணீர் ஊற்றி, விஷப்பற்களுக்குக் கீழுள்ள வாய் அதில் படும்படி முன்பகுதியை மட்டும் மெல்லச் சாய்த்து வையுங்கள். சுவாசத் துளைகள் பின்வயிற்றின் அடியில் இருப்பதால் அப்பகுதி நனையக் கூடாது. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்தில், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் எங்கள் வீட்டில்கூட, மின்விசிறிக்கு நேர்கீழே நான் அறியாமல் வைத்திருந்த சிலந்தி இப்படிச் சுருண்டது. இரவு முழுவதும் தண்ணீரோரம் கிடந்து, விடியும்போது ஒரு முன்கால் மட்டும் நூலளவு நகர்ந்தது.

இப்போது இரை போடாதீர்கள். அறையில் கொசுவத்தியையும் பூச்சிமருந்தையும் நிறுத்துங்கள். முன்கால்களில் கொக்கி தெரியும் முதிர்ந்த ஆண் என்றால் ஆயுள் முடிந்திருக்கலாம். அப்போது இருட்டில் தொந்தரவின்றி விட்டுவிடுங்கள்.