பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை அல்ட்ராசானிக் கருவி நிறுத்துமா?

கேள்வி இது: பக்கத்து வீட்டு நாய் இரவு 11 மணிக்கு மேல் விடாமல் குரைக்கிறது, சொல்லிப் பார்த்தாயிற்று, பலனில்லை. நமக்குக் கேட்காத உயர் ஒலியால் நாயை அடக்குமாம், ‘50 அடி பாயும்’ என்று போட்டிருக்கும் அந்த அல்ட்ராசானிக் கருவியை வாங்கிச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

உங்களுக்கும் அந்த நாய்க்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது, நாய் அவர்கள் கேட்டுக்குப் பின்னால் கட்டியோ அவிழ்த்தோ கிடக்கிறது, நீங்கள் முதல் மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ‘எங்க வீட்டுல ஒரே நாள்ல அடங்கிடுச்சு’ என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். உங்கள் வீட்டில் அடங்கியிருக்கலாம். அது ஏன் என்பதும் கீழே வருகிறது.

முதலில் ஒலிக் கணக்கு. மனிதக் காதுக்கு மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு. அதுவும் சிறுவயதில்தான், நடுவயதுக்கு மேல் 15,000-ஐத் தொட்டாலே பெரிது. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். இந்த இடைவெளியில்தான், பெரும்பாலும் 20,000 முதல் 25,000 வரை, இந்தக் கருவிகள் கத்துகின்றன. புதுச் சரக்கு ஒன்றுமில்லை. 1876-லேயே பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் இதே இடைவெளியை வைத்து விசில் செய்துவிட்டார். ஆனால் நாய்க்குக் ‘கேட்கிறது’ என்பதும் நாயை ‘அடக்குகிறது’ என்பதும் வேறு வேறு. நாயின் காது மிகக் கூர்மையாக இருப்பது 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி. அதற்கு மேலே போகப் போக, அதே ஒலியைக் கேட்க அதற்கும் கூடுதல் சத்தம் வேண்டும். அந்த ஒலியில் மந்திரம் எதுவும் இல்லை. பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்டால் எரிச்சல், அவ்வளவுதான்.

இப்போது அலைநீளம். 25,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 1.4 சென்டிமீட்டர். குரைப்பின் பெரும்பகுதி 500 முதல் 2,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது, அதன் அலைநீளம் 17 முதல் 70 சென்டிமீட்டர் வரை. நீளமான அலை சுவர் விளிம்பில் வளைந்து, ஏறி இறங்கி உங்கள் ஜன்னலுக்குள் வந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் அலை அப்படி வளையாது. காம்பவுண்டுச் சுவர், கார், கேட்டில் அடித்த தகரம், அடர்ந்த செம்பருத்திச் செடி, காயப்போட்ட போர்வை என்று எது குறுக்கே வந்தாலும் அதற்குப் பின்னால் நிழல்தான். குரைப்பு வந்த வழியிலேயே உங்கள் கருவியின் ஒலி திரும்பிப் போகும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. நாயின் முகம் கருவிக்கு நேராகத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

அடுத்து அந்த ‘50 அடி’. 50 அடி என்றால் 15 மீட்டர். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போகும். ஒரு மீட்டரிலிருந்து 15 மீட்டருக்குப் போவதற்குள் சுமார் 23 டெசிபல் காலி. இந்த உயர் அலைவரிசையைக் காற்றும் விழுங்கும், மீட்டருக்கு அரை டெசிபலுக்குக் குறையாமல். ஆக 30 போயிற்று. பெட்டியில் ‘110 டெசிபல்’ என்று இருந்தால், எத்தனை தூரத்தில் அளந்தது என்று தேடிப் பாருங்கள். பல பெட்டிகளில் அது இருக்காது. 10 சென்டிமீட்டரில் அளந்த 110 என்றால், ஒரு மீட்டரில் அது 90. நாயிடம் போய்ச் சேரும்போது 60. நீங்கள் சாதாரணமாகப் பேசும் சத்தம் அது. அதைக் கேட்டு எந்த நாய் அடங்கும்? கருவியின் ட்வீட்டர், அதாவது உயர் ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர், அதன் நேர்க்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகினால் இன்னும் குறையும். என் கணக்கில் இவற்றின் உண்மையான பாய்ச்சல் 4, 5 மீட்டர். தாராளமாகச் சொன்னாலும் 7.

இதையெல்லாம் தாண்டினாலும் மைக் ஒன்று இருக்கிறது. தானாக இயங்கும் கருவி குரைப்பைக் ‘கேட்டு’த்தான் கத்தும். விலை குறைந்தவற்றில் குரைப்பையும் மற்றச் சத்தத்தையும் பிரிக்கும் சர்க்யூட் ஒப்புக்குத்தான் இருக்கும். நுண்ணுணர்வைக் குறைத்தால் சுவருக்கு அப்பாலிருக்கும் நாய் அதற்குக் கேட்காது. கூட்டினால் குக்கர் விசில், கதவு அறைதல், ஸ்கூட்டர் ஹாரன் எல்லாவற்றுக்கும் கத்தும். நாய் சும்மா படுத்திருக்கும்போதும் கத்தும். குரைத்து ஒரு நொடிக்குள், குரைத்தபோது மட்டும், ஒவ்வொரு முறையும் சத்தம் வந்தால்தான் ‘நான் குரைத்ததால் இது வந்தது’ என்று நாய் முடிச்சுப் போடும். கண்டபடி வந்தால் அதற்கு அது தெருவில் போகும் இன்னொரு சத்தம், ஒரு வாரத்தில் பழகிவிடும். தெருவில் நான்கு நாய் இருந்தால் ஒன்று குரைக்க நான்கும் தண்டனை வாங்கும். உங்கள் வீட்டிலேயே பூனை இருந்தால் அதற்கும் கேட்கும். பூனையின் காது நாயினுடையதைவிட மேலே போகும்.

இதே ஒலியைப் போனிலேயே எழுப்புவதாகச் சொல்லும் மொபைல் ஆப் போதாதா என்றும் கேட்கலாம். வேண்டாம். போனில் ஒலி பெரும்பாலும் நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளாக வெளியே வருகிறது. அதில் பாதிக்கு மேல், அதாவது 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல், கணக்குப்படியே எதுவும் வர முடியாது. அந்தக் குட்டி ஸ்பீக்கர் 18,000-லேயே மூச்சு வாங்கும். ‘30,000 ஹெர்ட்ஸ்’ என்று ஆப் திரையில் காட்டுவது வெறும் எண்.

வாங்கியதைச் சோதிக்க: எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப்பைப் போனில் போட்டு கருவியின் முன் ஒரு அடியில் பிடியுங்கள். 20,000 முதல் 22,000-க்குள் கோடு எழுந்தால் கருவி வேலை செய்கிறது. எழாவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, 25,000-ல் கத்தினால் போனுக்குத் தெரியாது. அதற்கு வௌவாலின் அல்ட்ராசானிக் ஒலியைப் பிடிக்கும் வௌவால் டிடெக்டர் வேண்டும். அல்லது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த யாரிடமாவது மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால், இன்னொரு பியசோ ட்வீட்டரை (மின்னழுத்தத்தில் அதிரும் தகடு வைத்தது) அதில் மாட்டி எதிரே பிடித்தால் போதும், அதுவே மைக்காக வேலை செய்யும். கோடு 17,000, 18,000-ல் எழுந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்கும். 2005-ல் பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் கடை வாசலில் கூடும் இளவட்டங்களை விரட்டச் செய்த ‘மஸ்கிட்டோ’ கருவி 17,400 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் கத்தியது. உங்களுக்குக் கேட்காததால் யாருக்கும் கேட்காது என்று எண்ண வேண்டாம்.

நாமே செய்தால் என்ன என்று ஒருவர் கேட்பார். செய்யலாம், சீரான மின் துடிப்பு தரும் 555 ஐசி போதும். கன்டென்சர் 1 நானோஃபாரட். ஆர்ஏ, ஆர்பி என்பவை 555-உடன் போடும் இரண்டு ரெசிஸ்டர்கள். ஆர்ஏ 4.7 கிலோ ஓம். ஆர்பி-க்கு 27 கிலோ ஓமுடன் தொடராக 5 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). இப்படிப் போட்டால் 21,000 முதல் 24,500 வரை திருகிக்கொள்ளலாம். தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, அந்தக் கன்டென்சரை மலிவான செராமிக்கில் போடுவது. சித்திரை வெயிலில் மதில்மேல் டப்பா சூடேறினால் அதன் மதிப்பு நகரும், அலைவரிசையும் கூடவே நகரும். பாலிஸ்டர் ஃபிலிமோ, சூட்டில் மதிப்பு நகராத என்பிஓ வகை செராமிக்கோ போடுங்கள். இரண்டு, 555-லிருந்து நேராக ட்வீட்டருக்குக் கொடுப்பது. 12 வோல்ட்டில் அதற்குக் குரல் எழும்பாது. டிசி 4428 என்ற டிரைவர் ஐசியின் இரண்டு உள்ளீட்டையும் சேர்த்து 555-இல் இணைத்து, இரண்டு வெளியீட்டுக்கு நடுவே ட்வீட்டரைப் போட்டால் அதே 12 வோல்ட்டில் 24 வோல்ட் ஆட்டம் கிடைக்கும். பியசோ என்பது மின்சாரத்துக்கு ஒரு கன்டென்சர்தான், 0.1 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். அதனால் தொடராக 47 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் அவசியம். கால் வாட் போட்டால் கருகும். மழைக்காலத்தில் ட்வீட்டரின் குழல் வாய்க்குள் எறும்பும் பல்லியும் குடியேறும், மெல்லிய கம்பி வலை அடியுங்கள். நான் சொன்ன 5 மீட்டர், சுவர் நிழல் எல்லாம் இதற்கும் உண்டு. பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டு ‘ஒரு காட்டுக் காட்டலாம்’ என்ற யோசனை வந்தால் விடுங்கள். விலங்குக்குத் தேவையில்லாமல் வலி கொடுப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றம்.

சரி, இது எங்கேதான் வேலை செய்யும்? உங்கள் சொந்த நாய், வீட்டுக்குள், 3 மீட்டருக்குள், சோறு கேட்டோ கவனம் கேட்டோ குரைப்பது. அங்கே வேலை செய்யலாம். அதுவும் குறைந்த அளவில் தொடங்கி, நீங்கள் எதிரில் இருந்து, அது வாயை மூடிய உடனே ஒரு தின்பண்டம் கொடுத்தால். (‘ஒரே நாள்ல அடங்கிடுச்சு’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை.) பயத்தில் குரைக்கும் நாய்க்கு வைக்கக் கூடாது. ஆள் போனதும் தனியே கதறும் நாய்க்கும், குட்டிக்கும் கூடாது. கேட்டில் ஆளைப் பார்த்துப் பயந்து குரைக்கும் நாய்க்கு ஆள் வரும்போதெல்லாம் காதில் கூர்ச்சத்தமும் வந்தால், அது ஆளை இன்னும் வெறுக்கும். காது மந்தமான கிழட்டு நாய்க்கு வைப்பது வீண். டால்மேஷன் போன்ற சில இனங்களில் பிறவியிலேயே செவிடு அதிகம். வாலைக் கவட்டுக்குள் சொருகுவது, உதட்டை நக்குவது, அந்த மூலைக்கே வராமல் இருப்பது, சாப்பாட்டை விடுவது என்று பார்த்தால் அன்றே கழற்றுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு முதல் செலவு ஒரு நோட்டும் பேனாவும். 7 நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிடம், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் தெருவில் என்ன நடந்தது. இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். பால்காரர், கூர்க்கா விசில், குப்பைத்தொட்டிக்கு வரும் தெரு நாய், எதுவோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். கேட்டின் கீழ்ப்பாதியை ஷீட்டால் மறைப்பது, இரவு நாயைப் பின்கட்டுக்கு மாற்றுவது, படுக்கும் முன் ஒரு நடை கூட்டிப் போவது என்று அதற்குத் தகுந்தாற்போல் கேட்கலாம். ‘உங்க நாய் தொல்லை தாங்கல’ என்று போனால் சண்டை. ‘சார், 11.20-க்கு அந்தத் தெரு நாய் வரும்போதுதான் ஆரம்பிக்குது, ஆறு நாள் பார்த்தேன்’ என்று போனால் பேச்சு நடக்கும். தெரு நாய்தான் காரணம் என்றால், சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லிக் கருத்தடைக்குப் பதியலாம். காதில் வெட்டு அடையாளம் இருந்தால் ஏற்கெனவே செய்தாயிற்று. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, கருத்தடைக்குப் பிடித்துப்போன நாயைப் பிடித்த தெருவிலேயே விடுவதுதான் முறை. அதனால் ‘கொண்டுபோய் எங்காவது விடுங்க’ என்று கேட்டுப் பயனில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதுமாதிரி நோட்டு எழுதினால் நிறையத் தெருக்களில் வந்து நிற்பது நாயே இல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் கார். பின்னால் நகரும் ஐந்து மீட்டருக்கு நடுராத்திரியில் ஊருக்கே சங்கீதம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வைத்திருக்கும் அளவு 45 டெசிபல். அந்தப் பாட்டுக்கு நாய் பதில் சொன்னால் நாய்மேல் புகார், அசோசியேஷன் வாட்ஸப்பில் நாற்பது செய்தி. கார்க்காரருக்கு ஒரு வார்த்தை கிடையாது, ஏனென்றால் அவர்தான் பொருளாளர்.

சத்தத்தாலேயே ஏதாவது செய்ய வேண்டுமென்றால், நாய்க்குப் பிடித்த சத்தத்தையும் யோசிக்கலாம். 2002-ல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்ஸ் குழு காப்பக நாய்களுக்கு இசை போட்டுப் பார்த்தது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கு அவை அதிகம் படுத்து ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டலுக்குக் குரைப்பு கூடியது. 2017-ல் கிளாஸ்கோ ஆய்வில் ரெகேவும் சாஃப்ட் ராக்கும் நன்றாக வந்தன. ஒரே இசை தினமும் போட்டால் பழகிப்போகிறது, மாற்றிப் போட வேண்டும். அந்த வீட்டுக்காரர் நாய்க்குப் பக்கத்தில் ஒரு ரேடியோவை மெதுவாக வைக்கச் சம்மதித்தால், தெருவிலிருந்து வரும் சின்னச் சத்தங்களையும் அது மூடிவிடும். உங்கள் பக்கம் ஜன்னல் இடுக்கு. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால், கண்ணாடி எவ்வளவு தடிமனானாலும் குரைப்பு அதன் வழியாக வரும். ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அதோடு மின்விசிறியை ஒரு எண் கூட்டி வையுங்கள், ஃபோம் காதடைப்பானைச் சுருட்டி ஆழமாக வையுங்கள். அந்த டப்பாவைவிட இவை மலிவு.

இதற்குள் வாங்கியே விட்டீர்கள் என்றால்: நாயின் தலை உயரத்துக்குச் சற்று மேலே, நேர்க்கோட்டில், 5 மீட்டருக்குள் வைக்க இடமிருக்கிறதா பாருங்கள். அவர்கள் வீட்டுக்குள்தான் அந்த இடம் வருகிறது என்றால் கேட்டுவிட்டு வையுங்கள். 9 வோல்ட் பேட்டரி என்றால் வோல்ட் மீட்டரில் அளந்து பாருங்கள். 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் எல்இடி எரியும், சத்தம்தான் செத்திருக்கும். வைப்பதற்கு முந்தைய வாரம், வைத்த வாரம் இரண்டிலும் குரைத்த நிமிடங்களை நோட்டில் கூட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் கெடு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.