டென்ஷனர் போல்ட்டின் மரை போய்விட்டதா? முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள்

கேள்வி: என் காரின் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றிக்கொண்டிருக்கிறேன். புது வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டைத் தொய்யாமல் பிடிக்கும் உருளை), பெல்ட் எல்லாம் மாட்டியாகிவிட்டது. கடைசியில் டென்ஷனர் போல்ட்டை முறுக்கும்போது, நன்றாக இறுகி வந்த போல்ட் திடீரென்று பிடி விட்டுச் சும்மா சுற்றத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரை முழுக்க அலுமினியம் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 8 மி.மீ. போல்ட். துளையில் எபாக்சி பசை விட்டு முறுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். 10 மி.மீ. போல்ட் போட்டுவிடு என்கிறார் இன்னொருவர். எது சரி? இதை நானே செய்ய முடியுமா?

பதில்: இரண்டு யோசனையும் வேண்டாம். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகு இன்சர்ட் (உள்ளே மரை உள்ள சுருள் அல்லது குழல்) ஒன்றைப் பொருத்தினால் உங்கள் பழைய அளவு போல்ட்டே மறுபடி இறுகும். சரியாகச் செய்தால் அந்த இடம் முன்பிருந்ததைவிட உறுதியாகவே இருக்கும். பெல்ட் மாற்றும் அளவுக்குக் கைப்பழக்கம் உள்ளவர் இதையும் செய்யலாம். ஆனால் அவசரம் கூடாது.

பசை ஏன் உதவாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் வழுக்கும் இடம் இதுதான். 8 மி.மீ. போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கினால், அது டென்ஷனரை இன்ஜின் மீது ஏறக்குறைய ஒன்றரை டன் விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. டென்ஷனர் நகராமல் நிற்பது இந்த அழுத்தத்தால் வரும் உராய்வினால்தான். அதன் மேல் பெல்ட் பக்கவாட்டில் ஓயாமல் இழுக்கிறது. இன்ஜின் அதிர்கிறது, சூடேறி ஆறுகிறது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டில் மென்மையாகிவிடும் பசை மரை இத்தனையையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்காது. போல்ட் தளர்ந்தால் பெல்ட் பல் தாவலாம். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்துபோகும் வகை இன்ஜினாக இருந்தால், அந்த ஒரு நொடியில் வால்வுகள் வளைந்துவிடலாம். கவர் போல்ட்டில் பசை போட்டால் கவர் கடகடக்கும், அவ்வளவுதான். டென்ஷனரில் போட்டால் இன்ஜினே போகலாம்.

10 மி.மீ. போல்ட்டின் சிக்கல் வேறு. டென்ஷனரின் துளை 8 மி.மீ.க்கு என்றே செய்யப்பட்டது. பல டென்ஷனர்களில் போல்ட்டின் தோள்தான் (மரைக்கு மேலே வழவழப்பாக உள்ள பகுதி) உருளையை மையத்தில் நிறுத்துகிறது. அந்தத் துளையைக் குடைந்து பெரிதாக்கினால் மையம் கெடும். இன்சர்ட்டுக்கு வெட்ட வேண்டிய உலோகமும் 10 மி.மீ. போல்ட்டுக்கு வெட்ட வேண்டியதும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அப்படியிருக்க, மூல அளவை விட்டுக்கொடுப்பதில் எந்த லாபமும் இல்லை.

கருவி வாங்கும் முன் துளையை ஆராயுங்கள். சில சமயம் மேல்பகுதி மரை மட்டுமே போயிருக்கும். டென்ஷனரோடு சேர்த்துப் பார்த்தால் போல்ட் துளைக்குள் எவ்வளவு தூரம் இறங்குகிறது, துளையின் மொத்த ஆழம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். வெர்னியரின் ஆழக்கம்பி போதும். அலுமினியத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ., முடிந்தால் 16 மி.மீ. மரைப்பிடி இருக்க வேண்டும். அடியில் கெடாத மரை அந்த அளவுக்கு மீதமிருந்தால், அதே தரத்தில் நீளமான போல்ட் போட்டாலே வேலை முடிந்தது. போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். அதைவிடக் குறைந்த தரம் போடாதீர்கள். புது போல்ட்டின் நுனிக்கும் துளையின் அடிக்கும் நடுவே 2 மி.மீ.யாவது இடைவெளி தேவை. நுனி அடியில் முட்டினால் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும், டென்ஷனரோ இறுகியே இருக்காது.

இந்த அளவெடுப்பில் காரணமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். பக்கத்துத் துளைக்கு உரிய குட்டை போல்ட் இங்கே மாறி வந்திருக்கலாம். அப்போது இரண்டு மூன்று சுற்று மரை மட்டுமே முழு விசையையும் தாங்கியிருக்கும், அது உரிந்ததில் வியப்பில்லை. சர்வீஸ் மேனுவலை வைத்து மற்ற போல்ட்டுகளின் நீளத்தையும் இப்போதே சரிபாருங்கள். துளைக்குள் எண்ணெயோ கூலண்ட்டோ தேங்கியிருந்தாலும் இப்படி ஆகும். எண்ணெய் பட்ட மரையில் அதே டார்க் அதிக இழுவிசையாக மாறும். அடி மூடிய துளையில் தேங்கிய திரவம் வெளியேற வழியில்லாமல் வார்ப்பையே விரிசல் விடவைக்கும்.

பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். டிரில் போடும் இடத்தில் புது பெல்ட் இருக்கக் கூடாது. வெட்டெண்ணெய் பட்ட பெல்ட்டைத் துடைத்து மாட்டும் எண்ணமும் வேண்டாம், வேறு பெல்ட் வாங்குங்கள். கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அவற்றுக்குரிய பின்களால் பூட்டிவைத்து, பெல்ட் இல்லாத நேரத்தில் எதையும் சுற்றாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கிராங்க் பல்சக்கரம், ஆயில் சீல், சென்சார் இவற்றைத் துணியால் மூடி, ஓரங்களை ஒட்டு நாடா ஒட்டி அடையுங்கள். அலுமினியத் துகள் ஒன்று பெல்ட்டுக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கினால் பெல்ட்டின் ஆயுள் அங்கேயே குறையத் தொடங்கும்.

இன்சர்ட்டில் இரண்டு வகை உண்டு. ஹெலிகாயில் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஸ்பிரிங் போன்ற துருப்பிடிக்காத எஃகுச் சுருள். மலிவு, எளிது, குறைந்த உலோகத்தை வெட்டினால் போதும். மற்றது உள்ளும் புறமும் மரை உள்ள திட எஃகு புஷ். இதற்கான கிட்டின் (கருவித் தொகுப்பின்) விலை அதிகம், ஆனால் போல்ட்டை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் இன்சர்ட் கூடவே வெளியே வராது. சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் டென்ஷனர் துளைக்குச் சுருளே போதுமானது. நானாக இருந்தால், கையில் கிட்டும் இருந்து, துளையைச் சுற்றி உலோகமும் தாராளமாக இருந்தால் புஷ் போடுவேன். சுவர் மெல்லியதாக இருந்தால் சுருள்தான். இன்சர்ட்டின் நீளம் போல்ட் விட்டத்தைப் போல 2 மடங்கு, அதாவது 16 மி.மீ. கிடைக்கிறதா பாருங்கள். துளை ஆழம் இடம் தராவிட்டால் 12 மி.மீ.

இனி டிரில். 8 மி.மீ., 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) சுருளுக்குத் துளை சுமார் 8.3 மி.மீ. கிட்டோடு வரும் தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறிது மாறும். துளை ஏற்கெனவே 6.8 மி.மீ.யாவது இருப்பதால் பக்கத்துக்கு அதிகபட்சம் முக்கால் மி.மீ. மட்டுமே சீவ வேண்டும். இந்த மாதிரி இடத்தில் பிட் அலுமினியத்தைக் கவ்வி, சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் மிகக் குறைந்த வேகம். பிட்டை டேப்பின் (மரை வெட்டும் கருவியின்) கைப்பிடியில் மாட்டிக் கையாலேயே சுற்றினாலும் தவறில்லை, நேரம்தான் கொஞ்சம் கூடும். ஆழத்துக்கு பிட்டில் ஸ்டாப் வளையம் போடுங்கள். துளைக்குப் பின்னால் எண்ணெய் வழியோ தண்ணீர் வழியோ இருந்து, அதைத் தொட்டுவிட்டால் வேலை வேறு மாதிரி ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம் துளை செங்குத்தாக இருப்பது. சாய்ந்தால் டென்ஷனர் உருளை சாயும், பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்து தேயும். இன்சர்ட் எவ்வளவு உறுதியாக உட்கார்ந்தாலும் இந்தக் குறையைத் தீர்க்காது. கண் மதிப்பை நம்பாமல் ஒரு வழிகாட்டிக் கட்டை செய்துகொள்ளுங்கள்: 20 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் துண்டில், நிலையான டிரில் இயந்திரத்தில் 8.3 மி.மீ. துளை நேராகப் போடச் சொல்லுங்கள். அந்தத் துண்டை டென்ஷனர் உட்காரும் சமதளத்தின் மேல் வைத்து, பழைய போல்ட்டை அதன் வழியே துளைக்குள் செருகி மையம் பார்த்து, பக்கத்து போல்ட் துளையைப் பயன்படுத்தி இறுக்குங்கள். பிறகு போல்ட்டை உருவிவிட்டு அந்த வழியே டிரில் போகட்டும்.

இடம் போதவில்லை என்பது அடுத்த தொல்லை. இன்ஜின் குறுக்காக அமர்ந்த காரில் அந்தப் பக்க மவுண்ட்டை ஏற்கெனவே கழற்றியிருப்பீர்கள். சம்ப்பின் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியின்) கீழே மரப்பலகையும் ஜாக்கியும் வைத்து இன்ஜினைத் தாங்கியிருந்தால், கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ துளையைச் சக்கர வளைவின் திறந்த பகுதிக்கு நேராகக் கொண்டுவரலாம். ஹோஸ்களும் எக்ஸாஸ்ட்டும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் வளைந்த தலை டிரில் தேவைப்படும்.

பிட்டிலும் டேப்பிலும் உள்ள பள்ளங்களில் கிரீஸ் அப்பினால் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அடிக்கடி உருவித் துடைத்து மறுபடி அப்புங்கள். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்புங்கள். அடி மூடிய துளையில் கடைசி மரைவரை வெட்ட முனை தட்டையான டேப் வேண்டும். கிட்டில் உள்ள டேப் இன்சர்ட்டுக்கே உரியது. உங்கள் கருவிப்பெட்டியில் உள்ள சாதாரண 10 மி.மீ. டேப்பின் பிட்ச் வேறு. முடிந்ததும் வாக்குவம் குழாயால் உறிஞ்சி, பிரேக் கிளீனரால் கழுவுங்கள். காற்றடித்தால் துகள் ஆயில் சீல் பக்கம் பறக்கும்.

சுருளைச் செருகு கருவியில் மாட்டிக் கீழ்நோக்கி அழுத்தாமல் திருப்பி இறக்குங்கள். அதன் மேல்முனை பரப்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று உள்ளே நிற்க வேண்டும். மேலே துருத்தினால் டென்ஷனர் அதன்மேல் உட்கார்ந்து, இறுக்கமெல்லாம் சுருளை வெளியே இழுப்பதில் போய்விடும். அடியில் உள்ள நாக்கை (செருகு கருவி பிடிக்கும் குறுக்குக் கம்பியை) உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள். துளை இன்ஜினுக்குள் திறந்திருந்தால் நீள்மூக்குக் குறடால் பிடித்தபடியே உடையுங்கள்.

அடுத்த படியைப் பலர் தவிர்க்கிறார்கள். நீங்கள் தவிர்க்காதீர்கள். டென்ஷனரை மாட்டும் முன் இன்சர்ட்டைச் சோதியுங்கள். பழைய போல்ட்டில் மரை கெடாமலிருந்தால் அதில், இல்லையென்றால் அதே தரத்தில் வேறொன்றில், டென்ஷனரின் தடிமனுக்கு இணையாகத் தடித்த வாஷர்கள் அடுக்கி, மேனுவல் சொல்லும் டார்க் வரை இரண்டு மூன்று நிலைகளில் முறுக்குங்கள். சிறிது நேரம் விட்டு, மீண்டும் அதே டார்க் வைத்துப் பாருங்கள். போல்ட் திரும்பக் கூடாது. கழற்றும்போது சுருள் கூடவே வருகிறதா என்றும் பாருங்கள். பெல்ட் இல்லாத இந்த நேரத்தில் தோற்றால் இழப்பு ஓர் இன்சர்ட் மட்டுமே. இறுதியில் மாட்டுவது புது போல்ட்டாக இருக்கட்டும். டார்க்குக்குப் பின் கோணமும் சேர்த்து முறுக்கச் சொல்லும் போல்ட் என்றால் பெரும்பாலும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது. மரைப் பூட்டுத் திரவத்தை மேனுவல் கேட்டால் மட்டும் போடுங்கள்.

டார்க் ரெஞ்ச்சின் எல்லையையும் பாருங்கள். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் பெரிய ரெஞ்ச்சால், 10 நியூட்டன் மீட்டர் கேட்கும் 6 மி.மீ. போல்ட்டை உணரவே முடியாது. வாட்டர் பம்ப், கவர் போல்ட்டுகளின் மரை போவது பெரும்பாலும் இதனால்தான். அவற்றுக்கும் சுருள் இன்சர்ட் போதும். துளை தண்ணீர் வழிக்குள் திறந்தால் சீலண்ட் சேர்க்க வேண்டும்.

பெல்ட்டை மாட்டி, இழுவையை வைத்ததும் பின்களை எல்லாம் உருவிவிட்டு, கிராங்கை அது ஓடும் திசையில் கையால் 2 முழுச் சுற்று சுற்றி, குறிகள் ஒத்துவருகின்றனவா, டென்ஷனர் காட்டி அதன் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். போல்ட் தலையையும் டென்ஷனரையும் தொட்டு ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவையுங்கள். சில நாள் ஓட்டிய பின் கவரைத் திறந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கிறதா என்பது பார்த்தவுடனே தெரியும்.

துளையைச் சுற்றிய மேட்டில் விரிசல் தெரிந்தாலோ, துளை ஓரத்துக்கு மிக அருகில் இருந்தாலோ, டிரில் போடும்போது எண்ணெய் அல்லது கூலண்ட் கசிந்தாலோ, முன்பே ஒருவர் போட்ட இன்சர்ட் பெயர்ந்து வந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கேம் மூடி, சிலிண்டர் ஹெட் போல்ட் ஆகியவற்றின் துளைகளும் வீட்டு வேலைக்கு உரியவை அல்ல. அப்போது இன்ஜின் பட்டறைக்காரரை வரவழையுங்கள். டென்ஷனர், அசல் போல்ட், நீங்கள் அளந்த ஆழங்கள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுங்கள். அவர் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யவோ கிராங்கைச் சுற்றவோ வேண்டாம்.