மார்பகத்தைச் சோதிக்கக் கருவி வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 38. என் சித்திக்கு 52 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அப்போதிலிருந்து மாதாமாதம் நானே சோதித்துப் பார்க்கிறேன், ஆனால் தொட்ட இடமெல்லாம் கட்டி மாதிரியே தெரிகிறது. இதற்கென்றே கையுறை, மெத்தென்ற பேட், சிவப்பு வெளிச்சம் அடிக்கிற டார்ச் எல்லாம் ஆன்லைனில் விற்கிறார்கள். எதை வாங்கலாம்? வாங்கிவிட்டால் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கலாமா? அப்புறம், இடது பக்கம் அக்குள் ஓரமாக ஓர் இடம் மட்டும் இரண்டு மாதமாகக் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. வலி எதுவும் இல்லை.

பதில்: நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிற விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே இடத்தில், ஒரு பக்கம் மட்டும், இரண்டு மாதவிடாய் கடந்தும் போகாத தடிப்பு. அதை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தக் கருவியையும் வாங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்க வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியாகவோ, ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதாரணக் கட்டியாகவோ, ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் தடித்த சுரப்பித் திசுவாகவோ இருக்கலாம். ஆனால் எது எது என்று விரலால் தொட்டு முடிவு செய்ய மருத்துவர்களான எங்களாலேயே முடியாது, உங்களால் எப்படி முடியும்? வலி இல்லை என்று ஓர் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால் அந்த ஆறுதல் வேண்டாம். வலித்தாலும் அது புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை, மாதவிடாய்க்கு முன்னால் வருகிற வலி பெரும்பாலும் ஹார்மோன் வேலை.

இப்போது கருவிகளுக்கு வருவோம்.

நீங்கள் சொல்கிற பேட் புதிய சமாச்சாரம் இல்லை. மெல்லிய இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே சிலிகான் திரவத்தை அடைத்து வைத்திருப்பார்கள், அதற்கு மேல் விரலை ஓட்டும்போது தோலோடு உராய்வு குறைந்து விரல் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான் அதன் தத்துவம். சிறப்புக் கையுறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு தடவிப் பார்த்தாலும் அதே உராய்வுக் குறைவு கிடைக்கும். டார்ச் வேறு மாதிரி: சிவப்பு வெளிச்சம் திசுவுக்குள் ஊடுருவும், ரத்தம் அதிகம் உள்ள இடம் இருட்டாகத் தெரியும். சாதாரண ரத்தக் குழாயும் இருட்டாகத் தெரியும், அடிபட்டுக் கன்றிப்போன இடமும் தெரியும், ஆனால் ரத்த ஓட்டம் அவ்வளவாக இல்லாத ஒரு கட்டியோ ஆழத்தில் இருக்கிற கட்டியோ தெரியாமலே போகலாம். உடம்புச் சூட்டைப் படமெடுக்கும் தெர்மோகிராபியைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும், கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்று. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை மேமோகிராமுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று பலமுறை எச்சரித்திருக்கிறது, 2019-இலும் சொன்னது. காம்பிலிருந்து திரவத்தை உறிஞ்சி எடுத்துச் சோதிக்கும் முறை பற்றியும் 2013-இல் இதே எச்சரிக்கை வந்தது.

இந்தப் பொருட்களால் பணம் போவது எனக்குப் பெரிய கவலை இல்லை. "டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று ஒருவர் ஆறு மாதம் சும்மா இருந்துவிடுகிறாரே, அதுதான் கவலை. விரலுக்கு ஒன்று தட்டுப்படுகிறது, கருவி ஒன்றுமில்லை என்கிறது என்றால் விரலை நம்புங்கள். எந்த வீட்டுக் கருவியும் உங்களுக்கு "பயமில்லை" என்கிற சான்றிதழைத் தர முடியாது.

ஒரே ஒரு பொருளை மட்டும் நான் ஆதரிப்பேன், அது சிலிகானில் செய்த பயிற்சி மார்பகம். உள்ளே வெவ்வேறு அளவில், வெவ்வேறு ஆழத்தில் கட்டிகள் வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுப் பழகினால் விரலுக்கு எது திசு, எது கட்டி என்று பிடிபட ஆரம்பிக்கும். நீங்கள் வாங்கக்கூட வேண்டாம், சில மருத்துவமனைகளில் வைத்திருப்பார்கள், கேட்டால் தொட்டுப் பார்க்கலாம். விரலுக்குப் பயிற்சி கொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜெர்மனியில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. ஃபிராங்க் ஹோஃப்மன் என்கிற மகப்பேறு மருத்துவர், பார்வையற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையில் முறையான பயிற்சி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பிரெய்ல் குறியிட்ட ஒட்டுப் பட்டைகளைப் பரிசோதனைக்கு வருகிறவரின் மார்பில் ஒட்டி, ஒரு அங்குலம் விடாமல், அவசரப்படாமல் அவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள். நமக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிதானத்தைத்தான்.

சரி, மாதாமாதம் சோதிப்பதால் பயன் உண்டா? இதில் ஒளிக்காமல் பேச வேண்டும். ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,000-க்கும் அதிகமான பெண்களை வைத்து 1989-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு சுய பரிசோதனையை நன்றாகச் சொல்லிக்கொடுத்து அடிக்கடி நினைவூட்டினார்கள், மீதிப் பேருக்கு இல்லை. 2002-இல் முடிவு வந்தபோது, இரண்டு குழுவிலும் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுத்த குழுவில், புற்றுநோய் இல்லாத கட்டிகளுக்காகச் செய்த பயாப்ஸி, அதாவது சிறு துண்டுத் திசு எடுத்துச் செய்யும் சோதனை, ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் பல மருத்துவ அமைப்புகள் இப்போது அட்டவணை போட்டு மாதம் தவறாமல் செய் என்று சொல்வதை விட்டுவிட்டு, உன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள், மாறினால் உடனே காட்டு என்கின்றன. நானும் அதையே சொல்கிறேன். ஆனாலும், அதை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நிறைய மார்பகப் புற்றுநோய்களை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பெண்தான், குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ தற்செயலாக. மேமோகிராம் வயதுக்கு வராதவர்களுக்கும், இரண்டு மேமோகிராமுக்கு நடுவில் வளர்கிற கட்டிகளுக்கும் உங்கள் கையும் கண்ணும்தான் துணை.

தொட்ட இடமெல்லாம் கட்டி என்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டு தவறுகளால் அப்படித் தெரியும். ஒன்று, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பார்ப்பது. அப்போது மார்பகமே கனத்து, திரண்டு திரண்டு இருக்கும். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 7 முதல் 10 நாட்களுக்குள் பாருங்கள், அப்போதுதான் மிருதுவாக இருக்கும். இன்னொன்று, விரல் நுனியால் குத்துவது அல்லது விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சதையைக் கிள்ளிப் பிடிப்பது. கிள்ளிப் பிடித்தால் யாருக்கும் கட்டிதான் தட்டுப்படும்! நடு மூன்று விரல்களின் சதைப்பற்றான பகுதியைத் தட்டையாக வைத்து, ஒரு நாணயம் அளவுக்குச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று விதமாக அழுத்த வேண்டும்: முதலில் தோலை மட்டும் அசைக்கிற அளவுக்கு லேசாக, அப்புறம் நடுத்தரமாக, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை. மல்லாந்து படுத்து, சோதிக்கிற பக்கத் தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் மார்பகம் விரிந்து மெலிதாகிவிடும். அக்குளில் தொடங்கி மேலும் கீழுமாக, புல் வெட்டுவதுபோல வரிசை வரிசையாக நெஞ்செலும்பு வரை வாருங்கள், மேலே காறை எலும்பு, கீழே பிரா பட்டி படும் கோடு, இதுதான் எல்லை. அக்குளையும், அதை ஒட்டிய மேல் வெளிப்பக்கத்தையும் கூடுதல் நேரம் எடுத்துப் பாருங்கள், சுரப்பித் திசு அங்கேதான் அதிகம், மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதி அங்கேதான் வருகிறது. மார்பகத்தின் அடி மடிப்பில் கெட்டியாக ஒரு வரப்பு போலத் தட்டுப்படுவது எல்லாருக்கும் உள்ளது, அதைக் கட்டி என்று எண்ணிக் கலங்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உடம்பின் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் வித்தியாசமாக இருப்பதுதான் காட்ட வேண்டிய விஷயம்.

கண்ணாடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை, இடுப்பில் வைத்து அழுத்தி ஒருமுறை பாருங்கள். இடுப்பை அழுத்தும்போது மார்புத் தசை இறுகும், உள்ளே ஏதாவது ஒட்டியிருந்தால் தோல் குழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் மட்டும் ஆறாத சொறி போன்ற புண், தானாகக் கசிகிற ரத்தம் கலந்த நீர், ஆரஞ்சுப் பழத்தோல் போலத் துளைத்துளையாகத் தடித்த தோல், இவற்றில் எது இருந்தாலும் கட்டி தட்டுப்படாவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். மார்பகம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்து, ஆன்டிபயாடிக் கொடுத்தும் சில நாளில் குறையவில்லை என்றால் அதை வெறும் சீழ்க்கட்டி என்று விட்டுவிடக் கூடாது, கட்டியே இல்லாமல் அப்படி வருகிற ஒரு வகைப் புற்றுநோய் உண்டு. பாலூட்டுகிறவர்களும் "பால் கட்டியிருக்கும்" என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

மேமோகிராமை விட்டுவிடலாமா என்ற கேள்விக்குப் பதில்: கூடாது. விரலுக்குக் கட்டி தட்டுப்பட அது ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். மேமோகிராமோ அதற்கு வெகு முன்பே, உப்புத்தூள் தூவினது போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளைக்கூடக் காட்டும், அதை எந்த விரலாலும் எந்தப் பேடாலும் உணர முடியாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே சில நொடிகள் அழுத்துவார்கள், கொஞ்சம் வலிக்கும். கதிர்வீச்சு, இயற்கையில் நமக்குக் கிடைப்பதில் சுமார் ஏழு வாரத்து அளவுதான். எந்த வயதில் தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு: அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-இல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது, பிரிட்டனில் 50-இல் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு 38 என்பதால் வழக்கமான மேமோகிராமை எப்போது தொடங்குவது என்று உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம், ஆனால் இப்போதைய தடிப்புக்காக எடுக்கும் படம் வேறு கணக்கு, அதற்கு வயது பார்க்கத் தேவையில்லை.

மேமோகிராமும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, எட்டில் ஒரு புற்றுநோயை அது தவறவிடலாம். சுரப்பித் திசு அடர்த்தியாக உள்ள மார்பகத்தில், குறிப்பாக இளம் வயதில், திசுவும் வெள்ளை, புற்றுநோயும் வெள்ளை, வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். அதனால்தான் கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்வோம், கட்டி திடமா, நீர் நிறைந்ததா என்பதை அது நன்றாகப் பிரித்துக்காட்டும். இப்போது படத்தை வாசிப்பதில் செயற்கை நுண்ணறிவும் கைகொடுக்க ஆரம்பித்திருக்கிறது. சுவீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முதல் முடிவு 2023-இல் வந்தது: கண்டுபிடித்த புற்றுநோய்கள் குறையவில்லை, மருத்துவர்களின் படம் வாசிக்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அது மருத்துவமனைக்குள் இருக்கிற கருவி.

சித்தியைப் பற்றி. தாயின் தங்கை ஒருவருக்கு மட்டும், அதுவும் 52 வயதில் வந்திருந்தால் உங்கள் ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணுவால் வருவது. ஆனால் குடும்பத்தில் வேறு யாருக்காவது, அப்பா வழியிலும் சேர்த்துக் கேளுங்கள், 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், அல்லது ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா? இருந்தால் மரபணு ஆலோசனை தேவைப்படலாம். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருப்பது உறுதியானால் மேமோகிராமோடு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.யும் சேர்ப்போம்.

இந்த வாரம் போகும்போது என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவர் தொட்டுப் பார்ப்பார், பிறகு ஸ்கேன், உங்கள் வயதில் பெரும்பாலும் மேமோகிராமும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் சிறு துண்டுத் திசு எடுத்து அனுப்புவார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று சொல்லி இதைத் தடுக்க வீட்டில் யாராவது நிச்சயம் இருப்பார்கள். நோயின் போக்கு இந்தப் பயாப்ஸியால் மோசமாவதில்லை, அதைச் செய்யாமல் என்ன சிகிச்சை என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. ஸ்கேன் நார்மல் என்று வந்து, தடிப்பு மட்டும் அப்படியே இருந்தால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், "நான் தொட்ட இடத்தைத்தான் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். மருத்துவமனைக்குப் போய்ப் படுத்த பிறகு அந்த இடம் எதுவென்று உங்களுக்கே குழம்பும், அதனால் அன்று காலை குளித்துவிட்டு, தடிப்பு தட்டுப்படுகிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போங்கள்.