வடக்குப் பார்த்த பால்கனிக்கு எந்தச் செடி?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டின் எட்டாவது மாடியில் இருக்கிறோம், பால்கனி வடக்குப் பார்த்தது. கேமரன் மலையில் வாங்கிய லாவெண்டர் சில வாரங்களிலேயே கருகிவிட்டது. ஜூன் மாதம் இங்கே வாங்கிய மல்லிகையோ நன்றாகப் பூத்து, ஆண்டிறுதியில் அடியோடு நின்றுவிட்டது. கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா?

பதில்: மல்லிகை விற்றவர் மீது குற்றமில்லை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருப்பதால், ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அதிலும் மே, ஜூன், ஜூலை மாதங்களில்தான் வெயில் உங்கள் பால்கனிக்குள் நன்றாக விழும். செப்டம்பருக்குப் பின் சூரியன் தெற்கே போய்விட, வெளிச்சம் இருக்கும், நேர் வெயில் இருக்காது. நாளுக்குச் சுமார் ஐந்து மணி நேர வெயிலாவது கிடைக்காத மல்லிகை இலை விடுமே தவிர மொட்டு வைக்காது. கறிவேப்பிலைக்கும் இப்படி நேர் வெயில் வேண்டும். ஆகவே, வாங்கும் மாதத்து வெயிலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

லாவெண்டர் வேறு கதை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த இரவுகளில் வளர்ந்த செடியை, இரவிலும் புழுக்கம் தணியாத நகருக்குக் கொண்டுவந்தால், ஈரம் காயாத மண்ணில் அதன் வேர் அழுகிவிடும். கோலாலம்பூருக்குத்தான் என்று நீங்கள் சொல்லியும் "தாங்கும்" என்று உறுதி கூறி விற்றிருந்தால், அவரைக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

உங்கள் பால்கனிக்கு என் முதல் தேர்வு வெற்றிலைக் கொடி; நிழலை விரும்புவது, விசேஷ நாள்களில் கடைக்கு ஓடும் வேலையும் மிச்சம். பாண்டானும் மணி பிளான்ட்டும் தாராளமாக வரும்.

சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளுக்குப் போனால், செடி கறுப்பு வலைக்கு அடியில் வளர்ந்ததா, திறந்த வெயிலிலா என்று முதலில் கேளுங்கள். வலைக்கடியில் இருந்ததை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். பூக்களின் எண்ணிக்கையில் மயங்காமல், புதுத் தளிர் இருக்கிறதா, இலையின் அடிப்புறத்தில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சாடியைத் தூக்கி அடித்துளையைக் கவனியுங்கள்: வேர் கற்றையாக வெளியே தள்ளியிருந்தால், பெரிய சாடிக்கும் மண்ணுக்கும் ஆகும் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.