போர்த்தில் வீடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரிட்டனில் வேல்ஸின் மேற்குக் கரையில் இருக்கிற அபெரிஸ்ட்வித் மருத்துவமனையில் வேலை உறுதியாகிவிட்டது, ஊருக்குள் வீடு அமையவில்லை, பக்கத்தில் போர்த் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, மனைவியும் ஐந்து வயது மகளும் கூட வருகிறார்கள், ஆனால் "குளிர்காலத்தில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இருக்காது, பேசாமல் கார்டிஃபிலோ பர்மிங்காமிலோ வேலை தேடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு எங்கும் தேட வேண்டாம், அந்த வீட்டையே எடுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் அதே கரையில்தான், கொஞ்சம் தெற்கே அபெராய்ரன் பக்கம், பிள்ளைகளை வளர்த்தோம். பிறகு அவர்கள் படிப்புக்காக பர்மிங்காம் வந்துவிட்டோம், ஆனால் இன்றைக்கும் லீவு கிடைத்தால் வண்டி நேராக அங்கேதான் போகும்.

முதலில் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மேற்கிலிருந்து வரும் காற்றில் மழை சாய்வாக முகத்தில் அடிக்கும், குடை ஒரு நாள்கூடத் தாங்காது, நல்ல மழைக்கோட்டும் பூட்ஸும்தான் துணை. 2014 ஜனவரி புயலில் அபெரிஸ்ட்வித் கடற்கரைச் சாலையையே அலை உடைத்துப் போட்டது. கோடையில் நிரம்பி வழிந்த கேரவன் பூங்காக்கள் மூடிக் கிடக்கும், லீவுக்கு மட்டும் ஆள் வரும் வீடுகளில் விளக்கே எரியாது, முதல் வருஷம் அதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று, ஊர்க்காரர்களுக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருப்பது அந்த மாதங்களில்தான். எங்களுக்கு அங்கே கிடைத்த சிநேகமெல்லாம் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் கிடைத்தது. பள்ளி வாசலில் நனைந்துகொண்டு நின்ற அம்மாக்கள், ஊர்க் கூடத்தில் பாட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்கள், பஸ்ஸில் இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒருவர் விடாமல் "தியோல்க்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போகிற கிழவர்கள், இவர்கள்தான்.

புத்தாண்டு அன்று காலையில் சின்னப் பிள்ளைகள் வீடு வீடாக வந்து அந்த ஊர் மொழியான வெல்ஷில் பாடுவார்கள், காலெனிக் என்று பெயர், மதியம் பன்னிரண்டு மணிக்குள் வந்தால்தான் கணக்கு. பாடி முடித்ததும் சில்லறைக் காசோ மிட்டாயோ கொடுக்க வேண்டும். என் மகனை எதிர்வீட்டுப் பையன்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், அவனுக்குப் பாட்டில் பாதி வரி தெரியாது, வாயை மட்டும் அசைத்துவிட்டு, திரும்பி வந்தபோது கோட்டுப் பை நிறையக் காசு. இப்போதெல்லாம் எல்லா ஊரிலும் இந்தப் பழக்கம் இல்லை. உங்கள் தெருவில் இருந்தால் மகளைக் கட்டாயம் அனுப்புங்கள்.

அப்புறம் பறவைகள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை சாயங்காலம் சூரியன் மறைகிற நேரத்துக்கு அபெரிஸ்ட்வித் கடல்பாலத்துக்குப் போங்கள். ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங் பறவைகள் ஒரே கூட்டமாக வானத்தில் வளைந்து நெளிந்து சுற்றிவிட்டு, பாலத்துக்கு அடியில் போய் அடைந்துவிடும். காசு கொடுத்துப் பார்க்கிற எந்தக் காட்சியும் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து. டியூட்டி முடிந்த களைப்போடு நிறையப் பேர் அங்கே வந்து நிற்பார்கள், நீங்களும் நிற்பீர்கள்.

கோடை வந்துவிட்டால் கதையே வேறு. ஜூனில் ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், சூரியன் கடலுக்குள் இறங்குவதை வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம். நியூ கீ துறைமுகச் சுவரில் பிள்ளைகளை நண்டு பிடிக்கக் கூட்டிப் போங்கள். ஒரு நூல் சுருள், ஒரு வாளி, நூல் முனையில் சின்ன வலைப்பை, அதற்குள் ஒரு துண்டு பேக்கன், அவ்வளவுதான் செலவு. வாளியில் கடல்தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, சுவரில் குப்புறப் படுத்து நூலை இறக்கிக் காத்திருக்க வேண்டும். நண்டு பிடித்தது நூல் கனப்பதில் தெரியும், அவசரப்பட்டு இழுத்தால் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விடும், மெதுவாக ஏற்ற வேண்டும். கடைசியில் எத்தனை என்று எண்ணிவிட்டு எல்லாவற்றையும் திரும்பக் கடலில் விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம். நண்டு ரசம் வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள், பாவம். அங்கே நிற்கும்போதே டால்பின் கண்ணில் படலாம், கார்டிகன் வளைகுடாவில் அவை கூட்டமாகவே வாழ்கின்றன. மீன் வேண்டுமென்றால் கோடையில் மேக்கரல் நிறைய வரும், படகுக்காரர்கள் தெரிந்தவர்களானால் கையில் நாலைந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் கானாங்கெளுத்தியின் சொந்தம்தான், புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தால் அக்கம்பக்கத்தார் என்ன வாசனை என்று கேட்பார்கள், ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் போகிற போர்த்திலேயே ஒரு அதிசயம் இருக்கிறது. கடல் நன்றாக உள்வாங்கும்போது மணலில் கருப்பாக மரக்கட்டைகள் தெரியும், 4,500 வருஷங்களுக்கும் முன்னால் அங்கே இருந்த காட்டின் அடிமரங்கள் அவை. கரிசல் போன்ற கரிமண்ணில் புதைந்து கிடந்ததால் மக்கவில்லை, வேர் கூடத் தெரியும். காண்ட்ரர் க்வைலோட் என்ற செழிப்பான நாடு அங்கே இருந்ததாகவும், மதகுக் காவல்காரன் செய்தெனின் குடித்துவிட்டுக் கதவை மூட மறந்ததால் கடல் அதை விழுங்கியதாகவும், அமைதியான நாளில் தண்ணீருக்கடியில் கோயில் மணி கேட்கும் என்றும் ஊரில் கதை சொல்வார்கள். பூம்புகாரைக் கடல் கொண்டதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே தெரியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை, தம்பி. சென்னையில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர், இங்கே பெரிய ஏற்றம் உள்ள நாட்களில் நாலு மீட்டருக்கு மேல். தொலைவில் தெரிந்த தண்ணீர் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்பக்கமாக வந்து வழியை மறித்துவிடும். கடல் ஏறி இறங்குகிற நேரங்களைச் சொல்லும் ஓதப் பட்டியல் புத்தகம் கடையில் விற்கும், அதை வாங்கிச் சமையலறையில் தொங்கவிடுங்கள், குளிக்கப் போனால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

மகளின் பள்ளி பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதியில் ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலும் வெல்ஷில்தான் பாடம், பயப்படாமல் சேருங்கள். ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வருஷத்தில் சரளமாகப் பேசும், அதன் பிறகு பிறந்தநாள் அழைப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தேநீர் என்று வீட்டுக் கதவுகள் தானாகத் திறக்கும். மார்ச் 1, புனித டேவிட் நாளில் பெண் குழந்தைகள் உயரமான கருப்புத் தொப்பியும் சால்வையும் போட்டுக்கொண்டு போவார்கள். என் மகளுக்கு நான் சிவப்புச் சுங்குடிச் சேலையை மடித்துச் சால்வையாகக் குத்திவிட்டேன், அதற்கு அவள் வகுப்பில் கிடைத்த பாராட்டை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கோயில் இல்லையே என்று உங்கள் மனைவி வருத்தப்பட வேண்டாம். வண்டியில் ஒன்றரை மணி நேரம் போனால் கார்மார்தன் பக்கம் ஸ்கந்த வேல் இருக்கிறது, இலங்கையில் பிறந்த குரு சுப்ரமணியம் 1973-இல் தொடங்கிய ஆசிரமம், முருகன் சன்னதி உண்டு, பூஜை முடிந்ததும் வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போடுகிறார்கள்.

மளிகைக்கு மட்டும் அலைச்சல்தான். கறிவேப்பிலை, இட்லி அரிசியெல்லாம் பர்மிங்காம் வரும்போது மொத்தமாக வாங்கி வையுங்கள், ரயிலில் மூன்று மணி நேரம். போர்த்திலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கும் ரயில் இருக்கிறது, நடுவில் பௌ ஸ்ட்ரீட் என்ற ஒரே ஒரு நிறுத்தம்தான், ஆனால் ஷிஃப்ட் வேலைக்கு அதை நம்ப முடியாது, கார் வேண்டும். இந்திய லைசன்ஸ் ஒரு வருஷம் செல்லும், அதற்குள் இங்கத்திய தேர்வை முடித்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் முடிந்தால் ஒரு மழை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். கடல் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்து ஈரம் ஊறுகிறதா என்று கவனியுங்கள், சூடேற்றுவது காஸா, எண்ணெயா, கரண்டா என்று கேளுங்கள், ஏனென்றால் பல கிராமங்களில் காஸ் குழாய் கிடையாது, ஜனவரியில் பில் அங்கேதான் உதைக்கும். போர்த்தில் ஒரே நீளத் தெருதான், வீடு கடலை ஒட்டிய வரிசையிலா எதிர் வரிசையிலா என்பதையும் கேட்டு எழுதுங்கள், அதை வைத்து மற்றதைச் சொல்கிறேன்.