எக்ஸாஸ்ட் ஓடுது, ஈரம் மட்டும் போகல: வீடு பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: பாத்ரூம்ல புது எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். கதவ சாத்திட்டு போட்டா சத்தம்தான் பலமா இருக்கு, கண்ணாடில படிஞ்ச ஆவி அரை மணி நேரம் ஆனாலும் போகல. இதுல கொடுமை என்னன்னா ஃபேன் போட்டாதான் சாக்கடை நாத்தம் வருது. கடைக்காரர் பெரிய ஃபேனா போட சொல்றார். போடலாமா? (தாம்பரம் வாசகி)

போடாதீங்க மேடம். நாத்தம் டபுளா வரும், அவ்ளோதான்.

ஃபேன் காத்த வெளிய தள்ளுது சரி, ஆனா தள்ளுன அளவுக்கு உள்ள காத்து வரணும்ல? இப்பல்லாம் பாத்ரூம் கதவு அடில ஒரு நூல் கூட கேப் இல்லாம மாட்டிடறாங்க, ஜன்னலையும் சாத்திட்டா காத்து வர வழியே கிடையாது, அப்ப ஃபேன் எங்க இளப்பமா இருக்கோ அங்கருந்து இழுக்கும். உங்க வீட்ல அந்த இளப்பமான இடம் தரைல தண்ணி போற ஓட்டைல இருக்கற ஃப்ளோர் ட்ராப். ட்ராப்புக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அதுக்கு பேர் வாட்டர் சீல், அந்த தண்ணிதான் சாக்கடை வாடைக்கும் நமக்கும் நடுவுல இருக்கற ஒரே கதவு. அது காஞ்சு போனாலோ, முடி அடைக்குதுன்னு உள்ள இருக்கற கிண்ணத்த கழட்டி கழுவிட்டு திரும்ப வைக்காம விட்டாலோ முடிஞ்சது கதை. (பத்து வீட்ல நாலு வீட்ல அந்த கிண்ணம் மொட்டை மாடில கிடக்கும், நானே பாத்திருக்கேன்.)

செலவில்லாம ஒரு டெஸ்ட் பண்ணுங்க. கதவ ரெண்டு இன்ச் திறந்து வச்சு ஃபேன போடுங்க, சத்தம் மாறி ஆவி சீக்கிரம் போச்சுன்னா குத்தம் ஃபேன் மேல இல்ல. ஆசாரிய கூப்ட்டு கதவடில முக்கால் இன்ச் அறுத்து விடுங்க, இல்லன்னா கதவோட கீழ்ப்பக்கம் லூவர் (காத்து போக சாய்வா பட்டை பட்டையா இருக்கற ஜாலி) வைங்க. கிண்ணம் இருக்கான்னு பாத்துட்டு ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க.

ஃபேன் அட்டைப்பெட்டில போட்டிருக்கற சி.எஃப்.எம்.னா ஒரு நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து வெளிய போகும்ங்கறது. உங்க பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடின்னு வச்சுக்கிட்டா 315 கன அடி. மணிக்கு 8 தடவ மொத்த காத்தும் மாறணும்னு வச்சா 2,520, அத 60ஆல வகுத்தா 42 சி.எஃப்.எம். சில அட்டைல மணிக்கு இத்தன கன மீட்டர்னு இருக்கும், சி.எஃப்.எம்.ம 1.7ஆல பெருக்கினா அது வந்துடும், உங்களுக்கு 71 போதும். சாதாரண 6 இன்ச் ஃபேனே இதுக்கு தாராளம்.

கேள்வி: ஹால் சுவர்ல தரைல இருந்து ரெண்டரை அடி வரைக்கும் பெயிண்ட் உப்பி உரியுது, வெள்ளையா பொடி கொட்டுது. எஞ்சினியர் டி.பி.சி. போடலைங்கறார், பெயிண்டர் பட்டி பாத்து வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா சரியாகும்ங்கறார். யார் சொல்றது சரி? (மயிலாடுதுறை வாசகர்)

எஞ்சினியர் சொல்றதுதான் சரியா இருக்கும்னு தோணுது. இதுதான் நம்ம ஊர்ல காலங்காலமா சொல்ற ஓதம். மண்ணுல இருக்கற ஈரத்த செங்கல் திரி எண்ணெய இழுக்கற மாதிரி இழுத்துக்கும், ஈரம் காயறப்ப அதுல கரைஞ்சிருந்த உப்பு சுவர் மேல பூக்கும், அதுதான் அந்த வெள்ளப் பொடி. டி.பி.சி.ங்கறது பேஸ்மட்டத்துக்கு மேல, சுவர் கட்டறதுக்கு முன்னாடி ஈரம் ஏறாம இருக்க போடற தடுப்பு லேயர்.

பெயிண்டர் சொல்றத கேட்டா ஆறு மாசம் பளபளன்னு இருக்கும். அப்புறம் அடைபட்ட ஈரம் அந்த பெயிண்டுக்கு மேல ஏறி மூணரை அடில வந்து உரிக்கும்.

சந்தேகமா இருந்தா ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்ட சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு பின்னாடி வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது, முன்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து படியுது. முதல் கேஸ்னா வெளிய போய் மண் மட்டத்த பாருங்க. ரோடு மேல ரோடு போட்டு தெரு ஏறிடுச்சு, நாமளும் வீட்ட சுத்தி மண்ண கொட்டி பேஸ்மட்டத்த மூடிட்டோம், அப்ப டி.பி.சி. இருந்தாலும் ஈரம் அத தாண்டிதான் ஏறும். மண்ண வெட்டி எடுத்து, மழைத்தண்ணி சுவரோரம் நிக்காம வாட்டம் பண்ணுங்க. உரிஞ்ச பூச்ச கொத்தி எடுத்துட்டு ஒரு கோடை முழுக்க காய விடுங்க. அப்புறம் சுண்ணாம்பு அடிங்க, அதுல ஈரம் வெளிய போக வழி இருக்கும்.

கேள்வி: ஏசி போட்டதும் ஜன்னலுக்கு மேல இருந்த வென்டிலேட்டர அடைச்சுட்டோம். தப்பா? (ஈரோடு வாசகி)

ஏசி ஓடறப்ப மூடறது தப்பில்ல, சிமெண்ட் வச்சு பூசிட்டீங்கன்னாதான் வருத்தம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கறதையே சுத்திச் சுத்தி குளிர வைக்கும். நாலு பேர் படுக்கற ரூம்ல காலைல தலை கனமா இருக்கறது இதனாலயும்தான். மூடி திறக்கற மாதிரி கண்ணாடி வச்சுக்கோங்க.

கேள்வி: கரண்ட் பில் தாங்கல, பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வைக்கலாம்னு இருக்கோம். எக்ஸாஸ்ட் இருக்கே, போதாதா? (மதுரை வாசகர்)

போதாது சார். இதுல மட்டும் நான் சமாதானத்துக்கே வரமாட்டேன். சின்ன ரூம்ல கேஸ் எரிய எரிய ஆக்ஸிஜன் குறையும், குறைஞ்சா கேஸ் அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைட் வரும். அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. சிலிண்டர் லீக் ஆனா வர்ற நாத்தம் தெரிஞ்சு போகறதுக்காகவே கலக்கறது, எரிஞ்சு முடிஞ்ச புகைல அது இருக்காது. குளிக்கறவருக்கு லேசா தலை சுத்தற மாதிரி இருக்கும், தாழ்ப்பாள திறக்கறதுக்குள்ள விழுந்துடுவார், வெளிய இருக்கறவங்க தண்ணி சத்தம் கேக்குதேன்னு சும்மா இருப்பாங்க. ஃபேன நம்பி வச்சாலும் ஒரு நாள் சுவிட்ச் போட மறந்தா போச்சு, கரண்ட் போனா போச்சு.

கேஸ் கீசர்தான் வேணும்னா பால்கனிலயோ பின்பக்க வெளிச்சுவர்லயோ, நாலு பக்கமும் காத்தாடற இடத்துல மாட்டி, சுடுதண்ணிய மட்டும் பைப்ல உள்ள கொண்டு வாங்க. பாத்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழ மாட்ட வேணாம், புகை திரும்ப உள்ளயே வரும்.