மெக்னீசியமா, டைட்டானியமா?

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். சோடியம் அயனி பேட்டரிக்காக, பி2 வகை (ஒரு வித அடுக்கு அமைப்பு) சோடியம்-நிக்கல்-மாங்கனீசு ஆக்சைடில் கேத்தோடு, அதாவது நேர்மின்வாய், செய்தேன் (வாய்பாட்டில் நிக்கல் 0.33, மாங்கனீசு 0.67). 4.5 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றினால் 50 சைக்கிளுக்குள் கொள்ளளவு சரிந்துவிடுகிறது. கைடு மெக்னீசியம் டோப் செய்யச் சொல்கிறார் (கொஞ்சம் வேற்றுத் தனிமத்தைக் கலப்பது), சீனியர் டைட்டானியம் என்கிறார். எதை, எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: எதையும் சேர்ப்பதற்கு முன், இருக்கிற எலக்ட்ரோடிலேயே இரண்டு காயின் செல் (காசு வடிவச் சோதனை பேட்டரி) கட்டுங்கள். ஒன்றை 4.5 வோல்ட் வரை ஓட்டுங்கள், இன்னொன்றை 4.1-இல் நிறுத்திவிடுங்கள். 4.1-இல் ஓடும் செல் தாக்குப்பிடித்தால் கோளாறு 4.2 வோல்ட்டுக்கு மேலே என்று தெரிந்துவிடும். அங்கே சோடியம் ஏறக்குறைய முழுதும் வெளியேறி, அடுக்குகள் வழுக்கி, பி2 அமைப்பு ஓ2 என்ற வேறு அடுக்கு அமைப்பாகிறது. கன அளவு 20 சதவீதத்துக்கும் மேல் சுருங்கும். ஒவ்வொரு சைக்கிளிலும் இப்படிச் சுருங்கி விரிந்தால் துகள் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

இந்தக் கோளாறுக்கு முதலில் மெக்னீசியத்தைத்தான் பார்ப்பேன். நிக்கல் +2-இலிருந்து +4-க்குப் போகும், மெக்னீசியம் +2-ஐ விட்டு நகராது. அதனால் மின்சுமையைச் சரிக்கட்ட, முழு சார்ஜிலும் கொஞ்சம் சோடியம் உள்ளேயே தங்கியாக வேண்டும். அது அடுக்குகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும். அயனி ஆரமும் பக்கத்திலேயே இருக்கிறது: நிக்கல் 0.69 ஆங்ஸ்ட்ராம், மெக்னீசியம் 0.72.

இதற்கு விலை உண்டு. நிக்கலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், டோப் செய்யாதபோது கிராமுக்கு 173 மில்லிஆம்பியர்-மணி. நிக்கலின் இடத்தில் 0.05 மெக்னீசியம் போட்டால் 149, 0.10 போட்டால் 125. அதனால் 0.05-இல் தொடங்குங்கள்.

சீனியர் சொல்வதும் தப்பில்லை. மாங்கனீசின் இடத்தில் டைட்டானியம் வைத்து, டோக்கியோவில் கொமாபா என்ற ஆய்வாளரின் குழு 2014-இல் இந்தச் சுருக்கத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. சோடியம் வரிசைகட்டி நிற்பதையும் அது கலைப்பதால், படிக்கட்டாக இருக்கும் வோல்டேஜ் வளைவு வழவழப்பாகும். ஆனால் அவர்கள் வாய்பாட்டில் ஆறில் ஒரு பங்கு (0.17) சேர்த்தார்கள், சிட்டிகை அளவில்லை. மெக்னீசியம் கைகொடுக்காவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் போகலாம்.

4.1-இலும் சரிந்தால் டோப்பிங்கை ஓரம் வையுங்கள். ஈரம் காரணமா என்று பாருங்கள். இந்த வகைப் பவுடர் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து, மேற்பரப்பில் சோடியம் கார்பனேட்டாகப் பூக்கலாம். அப்படிப் பூத்தால், ஸ்லரி (ஃபாயிலில் பூசும் பவுடர் குழம்பு) கலக்கும்போதே கூழ் மாதிரி உறைந்து, ஃபாயிலில் இழுக்க வராது. நாங்களும் இப்படிப் பட்டிருக்கிறோம். ஃபர்னஸிலிருந்து சூடு ஆறுவதற்குள் எடுத்து க்ளவ் பாக்ஸுக்குள் (ஈரமும் காற்றும் புகாத பெட்டி) வைத்துவிடுங்கள்.

பவுடரை 900 டிகிரியில் சுடும்போது சோடியம் கொஞ்சம் ஆவியாகும். சோடியம் கார்பனேட்டை 5 சதவீதம் கூட்டியே எடை போடுங்கள். சுட்டபின் எக்ஸ்.ஆர்.டி.யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) 43 டிகிரி கோணத்துக்கு அருகே சின்னதாக ஒரு முகடு தெரிந்தால், மெக்னீசியம் ஆக்சைடோ நிக்கல் ஆக்சைடோ வெளியே நிற்கிறது என்று பொருள். சேர்த்தது முழுதும் உள்ளே போகவில்லை, மேலே போட்ட கணக்கும் செல்லாது. அரைத்து மறுபடி சுடுங்கள். டோப் செய்யாத மாதிரியையும் அதே நாள், அதே ஃபர்னஸில் வையுங்கள். போன மாதப் பவுடரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மெக்னீசியத்தாலா, அடுப்பாலா என்று சொல்ல முடியாது.